அறுவடை முன்பதிவு அஞ்சல்களுக்குக் கையொப்பச் சோதனை வைத்த அனுபவம்

வலங்கைமான், நீடாமங்கலம், குடவாசல் பகுதிகளில் நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் மூன்று மையங்களுக்கான சிறு முன்பதிவு மென்பொருளைக் கும்பகோணத்திலிருந்து பராமரித்து வருகிறேன். மேற்பார்வையாளர் வண்டி எண், ஊர், தேதி ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பினால் நிரல் அதைப் படித்துத் தானே பதிந்துகொள்ளும். வயல்வெளியில் சிக்னல் நிலையாக இராது. அஞ்சல் என்றால் கைபேசியிலேயே காத்திருந்து, சிக்னல் வந்ததும் போய்ச் சேர்ந்துவிடும்.

சம்பா அறுவடை மும்முரமாக நடந்த ஒரு தை மாதத்தில், பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) ஒன்றின் முன்பதிவை ரத்து செய்யச் சொல்லி வந்த அஞ்சலை நிரல் அப்படியே நிறைவேற்றிவிட்டது. அனுப்புநர் முகவரி மேற்பார்வையாளருடையது; அனுப்பியவர் அவர் அல்லர். ஈரம் காயாத அந்த வயலில் டயர் வண்டி இறங்காது என்பதால், விவசாயி அடுத்த பெல்ட் வண்டிக்கு நான்கு நாள் காத்திருக்க நேர்ந்தது. அனுப்புநர் வரியில் யாருடைய முகவரியையும் எழுதிவிட முடியும் என்பதை அறிந்திருந்தும் அதை நம்பி நிரல் எழுதியது என் பிழை.

அஞ்சலிலேயே கடவுச்சொல்லை எழுதச் சொன்னால், அது அனுப்பிய பெட்டியிலும் பெற்ற பெட்டியிலும் காலமெல்லாம் கிடக்கும். ஆளுக்கொரு குறியாக்கச் சாவி கொடுத்துப் பராமரிப்பது அறுவடைக் காலத்தில் நடக்கிற காரியமில்லை. அப்போதுதான் டிகிம் (DKIM) என்ற மின்னணுக் கையொப்பம் நினைவுக்கு வந்தது. அனுப்பும் சர்வர், அஞ்சலின் உடலுக்கும் குறிப்பிட்ட சில தலைப்பு வரிகளுக்கும் தன்னிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால் கையொப்பமிடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி அந்த டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) டி.என்.எஸ். பதிவில், அதாவது இணையப் பெயர்களுக்கான பொதுப் பதிவில், எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2011இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 6376 என்ற இணையத் தர ஆவணம் இதன் நெறிமுறை. களத்தில் நிற்பவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை என்பதே என்னை ஈர்த்தது.

பைத்தான் நூலகம் ஒன்றைக்கொண்டு சோதனையை ஒரே மாலையில் எழுதி முடித்தேன். அது தவறு என்பது மறுநாள் புரிந்தது. கையொப்பம் செல்லுமா என்று மட்டுமே நிரல் கேட்டது. ஏமாற்றுபவர் தன் சொந்த டொமைனின் கையொப்பத்தோடு, அனுப்புநர் வரியில் எங்கள் மேற்பார்வையாளரின் முகவரியை இட்டு அனுப்பினால், அதுவும் செல்லும் கையொப்பமே. ஆகவே, கையொப்பமிட்ட டொமைனும் அனுப்புநர் முகவரியின் டொமைனும் ஒன்றாக இருந்து, அந்த முழு முகவரியும் எங்கள் பதிவேட்டில் இருந்தால்தான் ஏற்பது என்று திருத்தினேன். அப்போதும் உறுதியாவது டொமைன்தான். அதற்குள் ஒருவர் மற்றவர் பெயரில் அனுப்பாமல் தடுப்பது அந்த அஞ்சல் சேவையின் பொறுப்பு. உடலின் முதல் இத்தனை பைட்டுகளுக்கு மட்டும் கையொப்பமிட நெறிமுறையில் இடமுண்டு. அத்தகைய அஞ்சலில் பின்னால் எதையும் ஒட்டிவிடலாம் என்பதால் அதையும் மறுத்தேன்.

சொந்த டொமைன் வைத்திருந்த மையத்தில்தான் அதிக நேரம் போயிற்று. 2048 பிட் பொதுச்சாவியின் பதிவு 255 எழுத்துகளைத் தாண்டும், டி.என்.எஸ். உரைப்பதிவில் ஒரு சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) 255தான் வரம்பு. இரண்டு சரங்களாகப் பிரித்து இடாததால் டொமைன் பதிவுகளை இடும் கட்டுப்பாட்டுப் பலகை சாவியின் வாலை வெட்டிவிட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. பிறகு, அலுவலகக் குழு முகவரி வழியாக வந்த அஞ்சல்கள் மட்டும் தோற்றன. ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் குழு ஒரு விளம்பர வரியைச் சேர்த்து உடலை மாற்றியிருந்தது. நேரடியாக அனுப்பச் சொன்னேன்.

செல்லுபடியான பழைய ரத்து அஞ்சலை வேறொருவர் மீண்டும் அனுப்பினாலும் கையொப்பம் செல்லும். அதனால் ஒவ்வோர் அஞ்சலின் அடையாள எண்ணையும் சேமித்து, இரண்டாம் முறை வருவதை நிரல் ஒதுக்குகிறது. அந்த எண்ணும் தேதி வரியும் கையொப்பத்துக்குள் அடங்காத அஞ்சலையும், இரண்டு நாளுக்கு முந்தையதையும் ஏற்பதில்லை. ஒரு மையத்தின் அஞ்சல் சேவை இன்னும் கையொப்பமிடுவதில்லை. அங்கிருந்து ரத்து வந்தால் நிரல் எதையும் செய்யாமல் எனக்குத் தகவல் தருகிறது, நான் மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.