விலகுவதற்கு முன் போட்ட திட்டம்

கைநீட்டும் காதலனிடம் விலகிப் போகிறேன் என்று சொல்லும் நாளும் அதையடுத்த சில வாரங்களும்தான் அதிக ஆபத்தானவை என்று 181 மகளிர் உதவி எண்ணில் பேசிய ஆலோசகர் சொன்னார். எனக்கு அது புதிய செய்தியாக இல்லை. ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்ததற்கே என் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தவன் என் காதலன். திருச்சியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே துறை, ஒரே ஆய்வகம்.

"வீட்டில் சொல்லிவிடு" என்பதுதான் எல்லோரும் கொடுக்கும் அறிவுரை. சொன்னால் அப்பா மறுநாளே வந்து பெட்டியைக் கட்டச் சொல்வார், படிப்பு அத்தோடு சரி. கைநீட்டியவன் வகுப்பில் உட்கார்ந்திருக்க, அடி வாங்கியவள் வீட்டில் உட்கார வேண்டுமாம். அதனால் படிப்பு நிற்கக் கூடாது என்பதை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "சரிம்மா, அதை வைத்தே யோசிப்போம்" என்றார்.

நான் பேசியது ஹாஸ்டல் சீனியர் அக்காவின் போனிலிருந்து. என் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சொந்தமில்லாத ஒரு விண்டோஸ் கணினி அங்கே இருந்தது. அன்று காலைகூட இயங்கியிருந்தது. கூகுள் மேப்ஸிலும் என் இருப்பிடம் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. நூலகமோ கேன்டீனோ, நான் போகும் இடத்திலெல்லாம் அவன் வந்து நின்றதற்குக் காரணம் புரிந்தது. உடனே நீக்கப் போனேன். "இப்போது தொடாதீர்கள்" என்று தடுத்தார். நீக்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும், நாம் தயாராவதற்கு முன்பே உஷாராகிவிடுவான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அது என் போனில்தான் கிடக்கும். ஆகவே அந்தத் திரையையும் மிரட்டல் செய்திகளையும் தேதி தெரியும்படி அக்காவின் போனில் படம் பிடித்தோம்.

அசல் சான்றிதழ்கள், ஆதார், கொஞ்சம் பணம், மாற்றுத் துணி எல்லாம் ஒரு தோழியின் வீட்டுக்குப் போயின. "ரெக்கார்டு நோட்டு கொண்டு வா" என்று நான் செய்தி அனுப்பினால் அக்கா வார்டனை அழைத்துக்கொண்டு வர வேண்டும், வார்டன் இல்லையென்றால் 112. ஆய்வகத்திலிருந்து ஹாஸ்டலுக்கு இரண்டு வழிகள். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் இருட்டு என்பதால் அதைத் தவிர்த்தேன். என் அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்று அவன் மிரட்டியதால், அப்படிப்பட்ட படங்கள் அனுமதியின்றிப் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப் என்சிஐஐ தளத்தில், என்னிடம் இருந்த பிரதிகளை வைத்துப் பதிவு செய்தேன். படம் நம் போனைவிட்டு வெளியே போகாது. அதை அடையாளம் காட்டும் குறியீடான டிஜிட்டல் கைரேகை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றுக்குப் போகும்.

எல்லாம் தயாரான பிறகு, அவன் ஊருக்குப் போயிருந்த ஒரு வார இறுதியில், ஒரே மூச்சில் கடவுச்சொற்களை மாற்றி, அந்தக் கணினியை நீக்கி, இரண்டு வரியில் முடித்துக்கொள்வதாகச் செய்தி அனுப்பினேன். நேரில் சந்தித்துப் பேசி முடிப்பதுதான் நாகரிகம் என்பார்கள். அந்த நாகரிகம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்புகார்க் குழுவுக்குப் போனபோது அவர்கள் முதலில் கேட்டது, "நீயே வேறு ஆய்வக பேட்சுக்கு மாறிக்கொள்ளேன்" என்பதுதான். நல்லவேளையாக மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் உடன் வந்திருந்தார். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமான வரம்பு பார்க்காமல் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வகுத்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளைப் பிரித்து, விசாரணை முடியும்வரை எதிர்த்தரப்பை வேறு பிரிவுக்கு மாற்றவும், விலகி இருக்கும்படி எச்சரிக்கவும் வழி இருப்பதைக் காட்டினார். பேட்ச் மாறியவன் அவன். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் அங்குதான் அறிந்தேன்.

காவல் நிலையத்தில் "சமாதானமாகப் போங்களேன்" என்று இழுத்தார்கள். வழக்கறிஞர் விடாமல் கேட்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கித் தந்தார். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பெண்ணைப் பின்தொடர்வதைக் குற்றமாகச் சொல்கிறது. அதைப் புகாரிலேயே எழுதியிருந்தோம். அம்மாவிடம் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அடுத்த செமஸ்டரில் புராஜெக்டுக்காகச் சென்னை போகிறேன். இந்தத் திட்டம் அங்கே செல்லாது. தங்கப்போகும் விடுதிக்குப் பக்கத்து மகளிர் காவல் நிலையத்தின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். புது வார்டனிடம் எவ்வளவு சொல்வது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.