சீடாப்பும் சைக்ளோடெக்ஸ்ட்ரினும் ஒரே குடுவையில்

கொழும்பில் கடைசி ஆண்டு ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது கிறிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம். காரத்தில் விட்டால் ஐதரொட்சைட்டு அயன் அதோடு சேர்ந்து நிறத்தைப் போக்கிவிடும். 590 நனோமீற்றரில் உறிஞ்சல் இறங்குவதைக் குறித்துக்கொண்டே வந்தால் தாக்கவீதம் கிடைக்கும்.

அதில் சீடாப் (CTAB) சேர்த்தால் நிறம் மளமளவென்று போகும். இது நேரேற்றத் தலையும் எண்ணெய்த்தன்மையுள்ள நீண்ட வாலும் கொண்ட, சவர்க்காரம் போன்ற பொருள். தூய நீரில் ஏறத்தாழ 0.9 மில்லிமோலரைத் தாண்டியதும் சீடாப் மூலக்கூறுகள் வாலை உள்ளே மறைத்து மைசெல் என்ற சிறு உருண்டைகளாகத் திரள்கின்றன. அவற்றின் நேரேற்ற மேற்பரப்பு ஐதரொட்சைட்டை இழுத்து வைத்திருக்கிறது. சாயமும் அங்கேயே வந்து ஒட்டுகிறது. எஸ்டிஎஸ் (SDS) என்ற மறையேற்றச் சவர்க்காரப் பொருளைப் போட்டால் நேர்மாறு: மறையேற்ற மைசெல் சாயத்தைப் பிடித்துக்கொண்டு ஐதரொட்சைட்டை அண்ட விடாது.

பெரும்பாடு கரைசல் தயாரிப்பதில்தான். சுமார் 25 பாகை செல்சியசுக்குக் கீழே சீடாப் சரியாகக் கரையாது. வெளியே கொழும்பு வெயில் கொளுத்தினாலும் கருவி அறையில் ஏசி ஓடும். காலையில் போத்தலை எடுத்தால் அடியில் வெள்ளை ஊசிகளாகப் படிந்திருக்கும். இளஞ்சூட்டு நீரில் வைத்து, முழுக்கத் தெளிந்த பிறகுதான் அளக்கலாம். வேகமாகக் குலுக்கவும் முடியாது, நுரை எழும்பி அளவுக்கோட்டை மறைத்துவிடும்.

அப்புறம் பீற்றா சைக்ளோடெக்ஸ்ட்ரின். 7 குளுக்கோசு அலகுகள் வளையமாகச் சேர்ந்தது. வெளிப்பக்கம் நீரோடு ஒத்துப்போகும், உட்குழி எண்ணெய்த்தன்மை உள்ளதைப் பிடிக்கும். லீற்றருக்கு 18.5 கிராம் அளவில்தான் கரையும், எனக்கு அது போதும். சீடாப் கரைசலில் அதைச் சேர்த்ததும் வீதம் சடாரென்று இறங்கியது.

"சேர், மைசெல் இருக்குத்தானே, பிறகேன் குறையுது?"

"மைசெல் இருக்கு எண்டு ஆர் சொன்னது? குடுவையை ஒருக்கா ஆட்டிப் பாரும்."

ஆட்டினேன். நுரை எழும்பவே இல்லை! ஒவ்வொரு சீடாப் வாலும் ஒரு வளையத்துக்குள் போய்விட்டால் திரள யார் மிச்சம்? இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

பிறகு சைக்ளோடெக்ஸ்ட்ரினை மாற்றாமல் சீடாப்பை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். வளையங்கள் நிரம்பும்வரை வீதம் அசையவில்லை. நிரம்பியதும் பழையபடி ஏறியது. சீடாப் செறிவுக்கு எதிரே வீதத்தை வரைந்தால், வீதம் ஏறத் தொடங்கும் திருப்பம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. இதே வேலையைச் செய்பவர்கள் கலவைக்கு அந்த 0.9ஐ அப்படியே பாவிக்க வேண்டாம்; சைக்ளோடெக்ஸ்ட்ரினின் ஒவ்வொரு செறிவுக்கும் திருப்பம் எங்கே விழுகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.