முள் குத்தியவரிடம் கேட்க வேண்டியது

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், முள்கிளுவை வேலியைச் சீர்செய்யும்போது காலிலோ விரலிடுக்கிலோ முள் ஏறாத ஆள் அரிது. ஏறிய முள்ளை ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு வேலையைத் தொடர்பவர்கள், துருப்பிடித்த கம்பி லேசாகக் கீறினால் மட்டும் ரணஜன்னியைத் (டெட்டனஸ்) தடுக்கும் டி.டி. (TT) ஊசிக்கு ஓடுவது எனக்குத் தலைகீழாகவே படுகிறது.

துரு ரணஜன்னியைத் தருவதில்லை. அந்நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் பாக்டீரியாவின் வித்துகள் மண்ணிலும் ஆடுமாடுகளின் சாணத்திலும் பல ஆண்டுகள் அழியாமல் கிடந்து, காற்றுப் புகாத இடம் கிடைத்ததும் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. ஆகவே, பட்டியில் எரு அப்பிக் கிடந்த முள் ஆழமாக இறங்கி, மேலே வாய் மூடிக்கொண்ட கடுகளவு காயமே அஞ்சத்தக்கது. நோயின் அறிகுறியாகத் தாடை இறுகத் தொடங்க பெரும்பாலும் 3 முதல் 21 நாட்கள் ஆகும் என்பதால், அதற்குள் முள் குத்தியதே மறந்து போயிருக்கும்.

முதலில் சோப்புப் போட்டு, ஓடும் நீரில், மண்ணும் முறிந்த முள்துணுக்கும் வெளியேறும்வரை கழுவ வேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. சாணத்தை வைத்துக் கட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஊசி ஆறு மாதத்திற்குத்தான் தாங்கும் என்று எங்கள் பக்கத்தில் பலரும் உறுதியாக நம்புகிறார்கள். ஆனால் குறைந்தது மூன்று தவணைகளை முறையாகப் போட்டு முடித்தவருக்கு, சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசிக்குப் பின் 10 ஆண்டுகளும், மண்ணோ சாணமோ பட்ட காயமென்றால் 5 ஆண்டுகளும் கடந்திருந்தால்தான் மறுபடி போட வேண்டும். எனவே காயம்பட்டவரிடம் எது குத்தியது என்பதோடு, கடைசியாக எப்போது ஊசி போட்டார், மொத்தம் எத்தனை போட்டார் என்றும் கேட்க வேண்டும். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2019 முதல் டி.டி.க்கு மாற்றாக, தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் Td என்னும் ஊசியே போடப்படுகிறது.

என் கவலையெல்லாம், "முள்ளுக்கெல்லாம் ஊசியா சாமி" என்று சிரிக்கும் அப்பாருமார்களை, அதாவது தாத்தாக்களைப் பற்றியதுதான். குழந்தைப் பருவத் தடுப்பூசி எதையும் காணாத இவர்களுக்குக் காயத்தன்று போடும் ஒரே ஊசி போதாது. அழுக்கேறிய காயமாக இருந்தால் உடனடிக் காப்புக்கு இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புரத ஊசியும் தேவைப்படும் என்பதால் மருத்துவரே பார்க்க வேண்டும். அடுத்த ஊசி குறைந்தது 4 வாரம் கழித்தும், மூன்றாவது அதிலிருந்து 6 முதல் 12 மாதங்களுக்குள்ளும் போடப்பட வேண்டும். காயம் ஆறிவிட்டதென்று இரண்டாவதற்கே அவர்கள் வரமாட்டார்கள். வண்டியில் ஏற்றி அழைத்துச் செல்வது வீட்டாரின் பொறுப்பு.