என் மகள் ‘மற்றவர்’ ஆன கதை

வெள்ளிக்கிழமைதான் மகளின் பாலர் பள்ளிச் சேர்க்கைக்கான திருத்திய படிவம் கைக்கு வந்தது. மூன்று நடை, இரண்டு முறை அரைநாள் விடுப்பு. மனம் இன்னும் ஆறவில்லை.

நான் தமிழ், கணவர் சீனர். சிங்கப்பூரில் 2011 முதல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இரட்டை இனம் பதியலாம். நாங்கள் ‘இந்தியர்-சீனர்’ என்று பதிந்தோம். எது முதலில் என்பதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசு வீடுகளுக்கான இன ஒதுக்கீட்டில் முதலில் நிற்கும் இனத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பிறப்புப் பதிவு சிக்கலில்லாமல் முடிந்தது.

சிக்கல் பாலர் பள்ளிச் சேர்க்கையில் வந்தது. முகப்பிலிருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். பெயரைப் பார்த்தார், சீனக் குடும்பப் பெயர். மகளைப் பார்த்தார், நிறம் என்னுடையது. “உங்கள் பிள்ளை... வந்து...” என்று இழுத்தார். ‘இந்தியர்’ என்ற சொல் வந்தபோது, சொல்லக் கூடாததைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்கள் மனம் நோகக் கூடாது. இதை நான் பார்த்துப் போட்டுக்கொள்கிறேன்” என்றார். நானும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து உறுதிக் கடிதம் வந்தது. இனம்: மற்றவர். தாய்மொழி: சீனம்.

சின்ன வயதில் என்னைக் ‘கெலிங்’ என்று, இந்தியர்களை இழிவுபடுத்தும் சொல்லால் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டவனிடம் சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் புளோக்கில் மகளைச் ‘சிண்டியன்’ (சீனர், இந்தியர் இரண்டும் சேர்ந்த சொல்) என்பார்கள், அவளுக்கு அது பிடிக்கும், எனக்கும் வருத்தமில்லை. ஆனால் என்னை நோகடிக்கக் கூடாதென்று என் இனத்தின் பெயரையே வாயில் எடுக்காமல், பிள்ளையை வேறொரு கட்டத்தில் போட்டுவிட்டாரே, அவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டாவது நடை வீண். அந்தப் பெண் விடுப்பில் இருந்தார். பதிலுக்கு இருந்தவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். இரட்டை இனத்துக்கு இடமே இல்லை என்று அனுப்பிவிட்டார். போவதற்கு முன் போன் செய்து, யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை மகளின் இனப் பதிவைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டே போனேன். அதே பெண் இருந்தார். பதிவைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. “எந்தச் சொல்லைச் சொன்னால் தப்பில்லை என்று எனக்குத் தெரியவில்லை” என்றார்.

“இந்தியர் என்றே சத்தமாகச் சொல்லுங்கள். தமிழர் என்றால் இன்னும் சந்தோஷம். தெரியாவிட்டால் என்னிடமே கேளுங்கள், நான் கோபப்பட மாட்டேன்” என்றேன்.

அவர் கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பார்த்தார். ‘ழ்’ வரவில்லை, மூன்று தடவை முயன்றார். என் கோபம் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. ‘இந்தியர்’ என்று மாற்றி, குறிப்புக் கட்டத்தில் ‘இந்தியர்-சீனர்’ என்று அவரே தட்டச்சு செய்தார். தாய்மொழியைத் தமிழ் என்று மாற்றினார். அச்செடுத்து இருவரும் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்று, தமிழ் வகுப்பு எல்லாப் பாலர் பள்ளியிலும் கிடையாது. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இங்கே செவ்வாயும் வியாழனும் தமிழாசிரியர் வருகிறார். மகளுக்கு முதல் வகுப்பு வரும் செவ்வாய்.