காற்று பட்ட படலம்

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் ஆறு மாதமும் என் விரல்களில் நீலம் ஒட்டியிருந்தது. காப்பர் தாலோசயனின் அப்படிப்பட்ட பொருள். அச்சு மையிலும் பெயின்டிலும் அடர் நீலம் தருவது. அந்தத் தூளை வெற்றிடத்தில் ஆவியாக்கி, கண்ணாடித் தகட்டில் மென்படலமாகப் படியவைத்து, வெப்பநிலை ஏற ஏற அதன் மின்கடத்துதிறன் எப்படி மாறுகிறது என்று அளப்பது என் வேலை.

அளவு ஒருநாளும் நிலைத்து நிற்கவில்லை. சூடாக்கும்போது வரைபடத்தில் ஒரு கோடு விழும்; ஆறவிடும்போது அதற்கு வெகு கீழே வேறொரு கோடு. மறுநாள் காலை பார்த்தால் அதே படலம் பழைய உயரத்திலிருந்து தொடங்கும். வெள்ளிப் பசையால் ஒட்டிய இணைப்புகளைத்தான் சந்தேகித்தேன். பிரித்து ஒட்டினேன். மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டரின் கம்பிகளை மாற்றினேன். புதிய படலங்கள் செய்தேன். ஒன்றும் மாறவில்லை.

வெற்றிடக் கருவியைப் பார்த்துக்கொண்ட தொழில்நுட்ப உதவியாளரை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். ஒருநாள் மாலை என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "பம்பை நிறுத்தியதும் உள்ளே காற்றைத் திறந்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறேன் தம்பி? இல்லாவிட்டால் பம்பின் எண்ணெய் மேலே ஏறிவிடும். உங்கள் படலம் இரவு முழுக்கக் காற்றில்தான் கிடக்கிறது." காற்று திறந்த நேரத்தையெல்லாம் அவர் தம் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். அதை என் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். கடத்துதிறன் ஏறிய ஒவ்வொரு நாளுக்கும் முந்தைய இரவில் அவருடைய கையெழுத்து இருந்தது.

படலத்துக்குள் புகும் ஆக்சிஜன் மூலக்கூறு, தாலோசயனினிடமிருந்து ஒரு எலக்ட்ரானைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. எலக்ட்ரான் போன இடத்தில் நேர்மின் துளை ஒன்று மிஞ்சுகிறது. இந்தப் பொருளில் மின்னோட்டத்தைச் சுமப்பவை அந்தத் துளைகளே. ஆகவே ஆக்சிஜன் ஏற ஏற மின்னோட்டமும் ஏறுகிறது. வெற்றிடத்தில் சூடாக்கினால் ஆக்சிஜன் வெளியேறி, ஓட்டம் பல மடங்கு சரிந்துவிடுகிறது. நான் பழுது என்று நினைத்த அந்த இரண்டு கோடுகளும் உண்மையாகவே இரண்டு வெவ்வேறு படலங்களின் கோடுகள்.

ஈரம் காரணமாக இருக்குமோ என்ற ஐயம் மிச்சமிருந்தது. அப்போது மழைக்காலம் வேறு. படலத்தை வெற்றிடத்தில் 150 டிகிரி செல்சியஸில் வெகுநேரம் வைத்து ஆறவிட்டு, முதலில் உலர்ந்த நைட்ரஜனை விட்டேன். மீட்டர் அசையவில்லை. அதே அழுத்தத்தில் உலர்ந்த ஆக்சிஜனை விட்டதும் கண்ணெதிரே எண்கள் ஏறத் தொடங்கின. சில நிமிடங்கள் வேகமாக. பிறகு மணிக்கணக்கில் மெதுவாக. மேற்பரப்பிலும் படிகத் துகள்களின் இடைவெளிகளிலும் வாயு சட்டென ஒட்டிக்கொள்கிறது, ஆழத்துக்குள் ஊடுருவ நேரம் எடுக்கிறது என்று அதைப் புரிந்துகொண்டேன். இரவு பதினொரு மணி வரை நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த வேலையில் நான் அடைந்த பெரிய மகிழ்ச்சி அந்த இரவுதான்.

பக்கத்து அறைத் தோழி, கார்பன் அணுக்கள் பந்துபோல் கூடிய மூலக்கூறுகளான ஃபுல்லரீன் படலங்களில் வேலை செய்தாள். அங்கே கதை தலைகீழ். ஃபுல்லரீனில் மின்னோட்டத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். ஆக்சிஜன் அவற்றைச் சிறைப்பிடிப்பதால் காற்று பட்ட படலத்தின் மின்தடை பல்லாயிரம் மடங்கு உயர்ந்துவிடும். ஒரே வாயு என் படலத்துக்கு வரவு, அவள் படலத்துக்கு இழப்பு. 'இந்தப் பொருளின் கடத்துதிறன் இவ்வளவு' என்று ஒற்றை எண்ணை மட்டும் தரும் கட்டுரைகளை அதன்பிறகு என்னால் நம்பிப் படிக்க முடியவில்லை.

குறிப்பேட்டில் புதிதாக மூன்று பத்திகளைக் கோடிட்டுச் சேர்த்தேன்: கடைசியாகக் காற்று பட்ட நேரம், எத்தனை மணி நேரம், அப்போது வெளிச்சம் இருந்ததா. வெளிச்சமும் கணக்கில் சேர வேண்டியதுதான். பிறகு பின்னோக்கிப் புரட்டி, அண்ணனின் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துப் பழைய அளவீடுகளுக்கும் நேரங்களை நிரப்பினேன். பதினொரு படலங்களுக்குத்தான் நேரம் கிடைத்தது. மற்றவற்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அவற்றை மறுபடி செய்வதற்காகக் கண்ணாடித் தகடுகளைக் கழுவப் போட்டேன்.