சிக்கிய ஆவணங்கள்

2003 ஏப்ரலில் நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். குளச்சல், முட்டம் பக்கம் பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருந்ததால், ஈராக் போர் எங்களுக்கு உள்ளூர்ச் செய்தி மாதிரிதான்.

பாக்தாத் வீழ்ந்து இரண்டு வாரம் இருக்கும். பிரிட்டிஷ் எம்.பி. ஜார்ஜ் கேலவே சதாம் அரசிடம் பணம் பெற்றதாக பாக்தாத்தில் கிடைத்த ஆவணங்கள் காட்டுகின்றன என்று லண்டனின் டெய்லி டெலிகிராஃப் எழுதியது. அவர் மறுத்தார். சில நாளில் அமெரிக்காவின் கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டரும் வேறு சில ஆவணங்களை வெளியிட்டது. நான் வைத்த தலைப்பு: ‘எம்.பி.க்கு சதாம் பணம்: ஆவணங்கள் சிக்கின’.

மறுநாள் எங்கள் மூத்த அண்ணாச்சி கூப்பிட்டார். குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956க்கு முந்தைய மலையாளப் பத்திரங்களை வைத்து நடந்த நிலவழக்குகளைப் பல வருஷம் எழுதியவர். “பத்திரம் நெசமாவே இருக்கட்டும் தம்பி. அதுல எழுதினது நெசம்னு ஆயிருமா? கிடைச்சதுன்னு போட்டா சரி. சிக்கிச்சுன்னா நீயே தீர்ப்பு சொல்லிட்ட” என்றார்.

ஜூனில் மானிட்டர் மன்னிப்புக் கேட்டது. மையைச் சோதித்தபோது 1992, 1993 தேதியிட்ட தாள்கள் சில மாதங்களுக்குள் எழுதப்பட்டவை என்று தெரிந்ததாம். டெலிகிராஃப் கதை வேறு. 2004 டிசம்பரில் அவதூறு வழக்கில் தோற்று 1,50,000 பவுண்டு இழப்பீடு தர வேண்டி வந்தது. அந்த ஆவணங்கள் போலியா என்று நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை. நடுநிலையாகச் சொல்லாமல் குற்றச்சாட்டைப் பத்திரிகை தன்னுடையதாக்கிக்கொண்டது என்பதுதான் தோல்விக்குக் காரணம். அதைப் படித்தபோது என் தலைப்புதான் கண்முன் வந்தது.

அப்புறம் இப்படிச் செய்தி வந்தால் சில கேள்விகளை விடுவதில்லை. நிருபரே எடுத்தாரா, யாராவது கையில் கொடுத்தார்களா? குவியலில் இருந்து இந்தத் தாளை மட்டும் பொறுக்கியது யார்? அபோட்டாபாத்தில் பின்லேடன் வீட்டில் 2011இல் அமெரிக்கப் படை அள்ளியவற்றில், மறுவருடம் முதலில் வெளியே விட்டது 17 ஆவணங்கள். 2017 நவம்பரில் சி.ஐ.ஏ. வெளியிட்டதோ சுமார் 4,70,000 கோப்புகள். அந்த 17ஐ மட்டும் படித்து அந்த மனிதரை எடைபோட்டவர்கள் எத்தனை பேர்!

2005இல் குளச்சல் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: “அந்த எம்.பி. காசு வாங்கினாருல்லா, உங்க பேப்பர்லதானே போட்டிருந்திய?” மானிட்டரின் மன்னிப்பை நாங்களும் போட்டிருந்தோம். உள்பக்கத்தில், ஆறு வரி. அவர் அதைப் பார்த்திருக்கவே இல்லை.