பாலத்தடி இடத்துக்கு நாங்கள் அனுப்பிய படைப்பு

நகரத்தில் யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட இடங்களுக்கு உயிர் கொடுக்க யோசனை கேட்டு அவ்வப்போது வடிவமைப்புப் போட்டிகள் வரும். அப்படி ஒன்றுக்கு நண்பர்களோடு சேர்ந்து ஒரு படைப்பு அனுப்பியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. வந்த பிறகு எழுதினால் அது ஜெயித்த கதையாகவோ தோற்ற கதையாகவோ ஆகிவிடும், வேலையைப் பற்றிப் பேச இடமே இருக்காது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு மேம்பாலத்தின் அடிப்பகுதி. இரண்டு பக்கமும் ஓயாமல் வண்டிகள், நடுவில் வரிசையாகத் தூண்கள், பகலிலும் அரை இருட்டு. எந்த ஊரிலும் இப்படி ஓர் இடம் இருக்கும்.

எங்கள் குழுவில் ஆர்க்கிடெக்டுகள் பாதிப் பேர்தான். தெருவிளக்கு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை, செடி வளர்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர், இரவுக் காவல் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், பாலத்துக்கு எதிர்வரிசையில் குடியிருக்கும் ஓர் அம்மா, இவர்கள்தான் மீதிப் பாதி. பேருக்குச் சேர்த்துக்கொண்ட ஆட்கள் இல்லை. வரையத் தொடங்கும் முன்பே பேச ஆரம்பித்தோம், அந்தப் பேச்சில்தான் வடிவமைப்பின் பெரும்பகுதி முடிவானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் வேலையாக, ஆளுக்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொண்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தோம். விடியற்காலை, பள்ளி விடும் நேரம், உச்சி வெயில், நள்ளிரவு. போட்டி அறிவிப்பில் அது ‘பயன்படாத நிலம்’. போய் உட்கார்ந்து பார்த்தால் அங்கே ஆள் இல்லாத நேரமே கிடையாது. மழை வந்தால் இருசக்கர வண்டிக்காரர்கள் மொத்தமாக ஒதுங்குகிறார்கள். மதியத்தில் நிழல் தேடி வருகிற கூலி வேலைக்காரர்கள் படுத்து எழுந்து போகிறார்கள். சாயங்காலம் சிறுவர்கள் தூணையே கோல் கம்பமாக வைத்துப் பந்து விளையாடுகிறார்கள். இரவில் அங்கேயே தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் யார், எப்போது வருவார்கள், எப்போது கிளம்புவார்கள் என்பதெல்லாம் காவல் வேலை பார்க்கும் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது, எங்களில் வேறு யாருக்கும் தெரியவில்லை. ஆக, நாங்கள் முதலில் வரைந்த படம், ஏற்கெனவே அங்கே யார் யார் எங்கே எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்பதுதான். இவர்களில் ஒருவரைக்கூட வெளியேற்றாத வடிவமைப்பாக இருக்க வேண்டும் என்று அந்தப் படத்தின் மேலேயே எழுதி வைத்தோம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நியூயார்க்கின் ஹை லைன் பூங்கா. முதலில் அது 1934இல் திறந்த சரக்கு ரயில் பாதை, தரைக்கு மேலே தூண்களில் ஓடியது. 1980இல் கடைசி ரயில் போனபின் அப்படியே நின்றுவிட்டது, தண்டவாளத்துக்கு நடுவே புல்லும் செடியும் தானாக முளைத்தன. இடித்துவிட வேண்டும் என்று கீழே நிலம் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள், நகர நிர்வாகமும் ஒரு கட்டத்தில் ஒப்புக்கொண்டது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இருவர் 1999இல் இதைக் காப்பாற்ற ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், இருவரும் கட்டிடக் கலைஞர்கள் இல்லை. 2003இல் அவர்கள் நடத்திய யோசனைப் போட்டிக்கு 36 நாடுகளிலிருந்து 720 படைப்புகள் வந்தன. கட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால் என்னென்னவோ வந்தது, பாதை முழுக்க ஒரே நீளமான நீச்சல் குளம் என்று ஒரு மாணவி அனுப்பிய யோசனைக்குப் பரிசும் கிடைத்தது. நிஜமாகக் கட்டும் குழுவை அடுத்த ஆண்டு தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள், பூங்காவின் முதல் பகுதி 2009இல் திறந்தது. நீச்சல் குளம் வரவில்லை. ஆனால் இடிக்கலாமா வேண்டாமா என்றிருந்த பேச்சை, இங்கே என்ன செய்யலாம் என்ற பேச்சாக மாற்றியதில் அந்தப் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. யோசனைப் போட்டியால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஹை லைனின் மறுபக்கம் இன்னும் முக்கியம். சுற்றிலும் நில விலை எகிறியது, பக்கத்திலேயே அரசுக் குடியிருப்புகளில் இருந்த மக்கள் அது தங்களுக்கான இடம் என்று நினைக்கவில்லை. 2017இல் ஹாமண்டே இதை வெளிப்படையாகப் பேசினார். வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று மக்களிடம் கேட்டோம், உங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். எதிர்வரிசை அம்மாவிடம் நாங்கள் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டோம். யோசிக்காமல் பதில் வந்தது: “முதல்ல அங்க போக வழி பண்ணுங்க. பேத்தியக் கூட்டிட்டு இந்த ரோட்டத் தாண்ட முடியல.”

எங்கள் படைப்பின் முதல் அம்சம் அதனால்தான் பாலத்துக்கு அடியில் இல்லை, பாலத்துக்கு வெளியே சாலையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நடந்து சாலையைத் தாண்ட நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவை, வண்டி மெதுவாக ஏறி இறங்கியே ஆக வேண்டும். உள்ளே எவ்வளவு அழகாகச் செய்தாலும் சாலையைத் தாண்ட முடியாவிட்டால் அது ஒரு தீவு. பாலத்தடித் திட்டங்கள் பலவற்றில் இதைக் கவனிப்பதே இல்லை, போட்டி எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து செடி. பசுமையாகக் காட்டினால் படம் நன்றாக இருக்கும், அதனால் எல்லாரும் தூணைச் சுற்றி மரம் வரைவார்கள். செடிக்காரர் ஒரே வார்த்தையில் அதை நிறுத்தினார்: சாகும். பாலத்துக்கு நடுவில் மழைத்துளி விழாது, வெயில் எட்டாது. விளிம்பில் மட்டும்தான் இரண்டும் கிடைக்கும். மேலே சாலையில் விழும் மழைநீர் குழாய் வழியாகத் தூணோரம் இறங்குகிறது, அந்த நீரை விளிம்பில் உள்ள பள்ளமான பாத்திகளுக்குத் திருப்பினால் கோடையைச் சமாளிக்கும் செடிகளுக்கு ஓரளவு உதவும். சாலையிலிருந்து வரும் நீரில் எண்ணெயும் தூசியும் கலந்திருக்கும், முதலில் மணலும் ஜல்லியும் போட்ட தொட்டியில் தங்கிவிட்டுத்தான் பாத்திக்குப் போக வேண்டும். பாலத்தின் இணைப்புகளில் நீர் சொட்டும் கோடுகளையும் அவர்தான் தரையில் காட்டினார், அந்தக் கோட்டில் பெஞ்சு போட்டால் மழைக்காலத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. தூணில் எதையும் துளை போட்டு மாட்டக்கூடாது, தூண் உச்சியில் பாலத்தைத் தாங்கும் பேரிங்குகளைச் சோதிக்க ஆட்கள் ஏணியோடு வந்தால் இடம் இருக்க வேண்டும். நாங்கள் போட்டதெல்லாம் தனியாக நிற்கும், தேவைப்பட்டால் நகர்த்தலாம்.

விளக்கு விஷயத்தில் எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது எனக்குப் புதிது. இரவைவிட அங்கே பகல்தான் சிக்கல். வெளியே கண் கூசும் வெயிலில் நடந்து வருபவருக்கு உள்ளே எல்லாமே கறுப்பாகத் தெரியும், யார் நிற்கிறார்கள் என்று தெரியாததால்தான் பயமே வருகிறது. கம்பம் நட்டுப் பளீரென்று விளக்குப் போட்டால் அதன் கீழே மட்டும் வெளிச்சம், சுற்றிலும் இன்னும் இருட்டு. அதற்குப் பதில் பாலத்தின் அடிப்பரப்பை வெளிர் நிறமாக்கி வெளிச்சத்தை மேல்நோக்கி அடித்தால், அது பரவலாகத் திரும்பி முகத்தில் விழும். முகம் தெரிந்தால் பயம் குறையும். தூங்குகிறவர்கள் இருக்கும் பக்கத்தில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று காவல் அண்ணன் சேர்த்துக்கொண்டார், அதையும் எழுதினோம்.

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் கோக் ஆன் டி சான் என்ற ஊரில் இதே மாதிரி இடத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். சுமார் 7 மீட்டர் உயரத் தூண்களில் ஏ8 நெடுஞ்சாலை ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஊர்க்காரர்களிடம் கேட்டு விருப்பங்களை ஆவணமாகத் தொகுத்த பிறகுதான் என்எல் ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. பல்பொருள் அங்காடி, ஸ்கேட்டிங் பள்ளங்கள், கூடைப்பந்துத் திடல், சுவரில் படம் வரையும் இடம், படகு நிறுத்த ஒரு சின்னத் துறை என்று எல்லாமே அந்தக் கூரைக்குக் கீழே வந்தன. பொது இடங்களுக்கான ஐரோப்பியப் பரிசு 2006இல் அதற்குக் கிடைத்தது. அங்காடி இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தினசரி வேலையாக அங்கே வர வேண்டிய காரணம் இருந்தால் மட்டுமே கூட்டம் நிலைக்கும், விளையாட்டும் ஓவியமும் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வளரும். எங்கள் ஆசிரியை இதையே வேறு விதமாகச் சொன்னார், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் எப்படியும் காத்திருக்கிறார்கள், அந்தக் காத்திருப்பை இங்கே கொண்டுவாருங்கள் என்று. அதன்படி பள்ளி வாசலை நோக்கிய முனையில்தான் இருக்கைகளின் பெரும்பகுதி.

இருக்கையிலும் ஒரு வாக்குவாதம் நடந்தது. கான்கிரீட்டில் வளைந்து வளைந்து போகும் ஒரே நீண்ட பெஞ்சு வேண்டும் என்று இளைய ஆர்க்கிடெக்டுக்கு ஆசை, படத்தில் அது நிஜமாகவே அழகாக இருந்தது. எனக்கு நினைவுக்கு வந்தது வில்லியம் வைட் என்ற நகர ஆய்வாளர், 1970களில் நியூயார்க்கின் சதுக்கங்களில் கேமரா வைத்து மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று படம்பிடித்தவர். உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்ட மிகச் சாதாரணமான, மிகவும் உபயோகமான முடிவு. நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், ஆட்கள் அதைக் கொஞ்சமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள் என்பதையும் அவர் கவனித்தார். போதை வியாபாரத்துக்குப் பேர் போயிருந்த, அதே நகரின் பிரையன்ட் பூங்காவுக்கு அவருடைய யோசனைகள் பயன்பட்டன. 1992இல் மறுபடி திறந்தபோது வெளியிலிருந்து பார்வையை மறைத்தவற்றை எடுத்திருந்தார்கள், நகர்த்தும் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். கடைசியில் நாங்கள் விளிம்பில் தாழ்ந்த திண்ணையும், நடுவில் நகர்த்தும் இருக்கைகளும் என்று ஒத்துக்கொண்டோம். இளைய ஆர்க்கிடெக்ட் அந்த வளைவைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார், அது அங்கே இன்னும் நன்றாகப் பொருந்தியது.

நாற்காலி திருடு போகாதா, யார் எடுத்து வைப்பார்கள்? போகும்தான், யாராவது பார்த்துக்கொண்டால் குறையும். இந்தக் கேள்விக்குப் பதிலாக, நடுவர்கள் பார்க்க அனுப்பும் படப் பலகைகளில் ஒன்றை முழுசாக ஒதுக்கினோம். காலையில் திறப்பது யார், கூட்டுவது யார், விளக்கு பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும், வடிகால் தொட்டியை மழைக்கு முன் யார் சுத்தம் செய்வது, இதற்கெல்லாம் மாதம் எவ்வளவு உழைப்பு தேவை என்று வரைந்து எழுதினோம். கவர்ச்சியான பலகை இல்லை. ஒரு படைப்புக்கு நடுவர்களால் கொடுக்க முடிகிற நேரம் குறைவு, அதில் நிஜம் போலக் கணினியில் செய்த, கண்ணைக் கவரும் ரெண்டர் படத்துக்குப் பதில் துடைப்பம் பற்றி எழுதுவதா என்று எங்களுக்குள்ளேயே கேள்வி வந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த இடங்கள் பாழானதற்குக் காரணம் அழகில்லாமை இல்லை, யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாமல் போனதுதான். பாலம் ஒரு துறை, சாலை இன்னொரு துறை, விளக்கு வேறொன்று. நடுவில் இருக்கும் நிலம் யார் கணக்கிலும் வராது.

எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கட்டச் சொல்லவும் இல்லை. 2011இல் லண்டனில் அசெம்பிள் என்ற இளைஞர் குழு, ஹாக்னி விக் பகுதியில் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் தன்னார்வலர்களோடு சேர்ந்து ஒரு தற்காலிகக் கட்டடம் எழுப்பியது. இரண்டு சாலைகளுக்கு நடுவே கூரை முனை எட்டிப்பார்க்கும் வீடு போல இருக்கும், உள்ளே படம், நாடகம், பட்டறைகள். 9 வாரங்களில் சுமார் 40,000 பேர் வந்தார்கள். பிரித்த பிறகு பொருட்கள் ஒரு பள்ளிக்குப் போயின, அந்த இடத்தைத் தொடர்ந்து பயன்படுத்த நிரந்தர வசதிகளும் வந்தன. எங்கள் முதல் கட்டமும் இதைப் போலத்தான், ஒரு பருவம் மட்டும் இருக்கைகள், தற்காலிக விளக்கு, சாலையில் பெயின்டால் குறித்த கடவை. மக்கள் எங்கே நடக்கிறார்கள், எதை உடைக்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டத்தை மாற்றலாம்.

குழுவாகச் சேர்ந்து போட்டிக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு நடைமுறையில் இரண்டு விஷயம். படைப்பில் யார் யார் பெயர் எந்த வரிசையில் வரும், பரிசு வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். நாங்கள் அகர வரிசை, சம பங்கு என்று முடிவு செய்தோம், செடிக்காரருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் ஒரே அளவு. அப்புறம் போட்டி விதிகளில் பதிப்புரிமைப் பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள். சில போட்டிகளில், அனுப்பிய அத்தனை படைப்புகளையும் அமைப்பாளர் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருக்கும். எங்களுடையதில் உரிமை எங்களிடமே இருக்கிறது, அதைப் பார்த்த பிறகுதான் பெயர் கொடுத்தோம்.

உரிமை கையில் இருப்பதால் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடவை வேண்டும் என்ற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, இரண்டு பக்கக் குறிப்பும் ஒரு வரைபடமுமாகச் சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குக் கொடுக்கப்போகிறோம். மனுவை எதிர்வரிசை அம்மா எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த வரிசையில் உள்ள வீடுகளில் கையெழுத்து வாங்கும் வேலையை ஆசிரியையும் நானும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.